மார்லிஸின் ஏழு நிமிடங்கள்

பதினோரு வருடம் மார்லிஸ் டோலஃப்சன் எங்கள் கல்லூரிக்கு வந்து ஒரே கதையைச் சொன்னார். சொல்லச் சொல்லிக் கூப்பிட்டது நான். அதனால் இதில் யார் தலைகுனிய வேண்டும் என்று கேட்டால், அவருக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டுவிடுங்கள்.

தெற்கு மினசோட்டாவில், சோளக்காடுகளுக்கு நடுவில் இருக்கிற சின்னக் கல்லூரி எங்களுடையது. பிள்ளைகள் வரலாறு, தத்துவம், இலக்கியம் என்று ஆசையாகப் படிப்பார்கள். மூன்றாம் வருடம் வந்ததும், இதை வைத்துக்கொண்டு என்ன வேலைக்குப் போவது என்ற கவலை பிடித்துக்கொள்ளும். அந்தக் கவலைக்கு மருந்து கொடுப்பதுதான் எங்கள் வேலைவாய்ப்பு அலுவலகம். அங்கே எனக்கு இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அக்டோபரில் பழைய மாணவர்கள் கூடும் சனிக்கிழமை காலை, கால்பந்தாட்டம் தொடங்குவதற்கு முன்னால், அவர்களில் மூன்று பேரை நூலகக் கூடத்தில் ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார வைப்போம். ஆளுக்கு ஏழு நிமிடம். இன்னதுதான் பேச வேண்டும் என்று நாங்கள் சொல்வதில்லை. ஆனால் எல்லோரும் பேசுவது ஒரே அச்சுத்தான்: ஆசைப்பட்டுப் படித்தேன், கொஞ்ச நாள் திண்டாடினேன், எதிர்பாராத இடத்தில் வேலை கிடைத்தது, படிப்பு அங்கே கைகொடுத்தது. யாரும் பொய் சொல்வதில்லை. சொல்லாமல் விடுவார்கள், அவ்வளவுதான்.

மார்லிஸ் 1979இல் தத்துவம் படித்து முடித்தவர். அப்பா மாட்டுத்தீவனக் கடை வைத்திருந்தார். மினியாபொலிஸில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் சேர்ந்து, முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் அதே கட்டடத்தில் வேலை பார்த்தார். இழப்பீடு கேட்டு எழுதுகிறவர்களுக்கு 'இல்லை' என்று பதில் எழுதும் பிரிவு. கடைசியில் அதற்குத் தலைவி. நாற்பது பேர் அவருக்குக் கீழே. அவர் கையெழுத்திட்ட மறுப்புக் கடிதத்தைப் படித்துவிட்டு, நன்றி சொல்லிப் பதில் போட்டவர்கள் உண்டு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தேவாலயப் பாட்டுக் குழுவில் பாடுவார், ஒரு கொழுத்த நாய் வளர்த்தார். எங்கள் கூட்டத்துக்கு வரும்போதெல்லாம் ஒரு தட்டு நிறைய எலுமிச்சைக் கேக் செய்து எடுத்துவருவார். நல்ல மனுஷி. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் சந்தேகம் வரக்கூடாது.

அவருடைய கதை இது. ஜனவரிப் பனியில், யார் பெயரையும் சொல்லாமல், தன்னந்தனியாக, அந்தக் கம்பெனிக்குள் நுழைந்தாராம். மேலாளர் ஏற இறங்கப் பார்த்து, தத்துவம் படித்தவளுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டாராம். "நீங்க இல்லைன்னு சொல்றதை, வாங்குறவர் கிழிச்சுப் போடாம முழுசாப் படிக்கிற மாதிரி எழுதித் தருவேன்" என்றாராம் மார்லிஸ். மேலாளர் சிரித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டாராம். இந்த இடத்தில் கூடமே சிரிக்கும். பிறகு மார்லிஸ் குரலைத் தாழ்த்தி, இருபத்தொரு வயசில் ஒரே வேலைக்கென்று தன்னைக் கட்டிப் போட்டுக்கொள்ளாதீர்கள், மனசுக்குப் பிடித்ததை ஆழமாகப் படியுங்கள், தைரியமாகப் போய்க் கதவைத் தட்டுங்கள் என்பார். ஏழாவது நிமிடம் சரியாக முடியும். கைதட்டல் நிற்காது.

ஜனெல் ஓகர்லண்ட் அந்தக் கைதட்டலில் இருந்தவள். வரலாறு படித்த நான்காம் வருட மாணவி. அப்பா பால் லாரி ஓட்டுகிறவர், அம்மா பள்ளிக்கூடச் சமையலறையில். அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள். வரலாற்றோடு ஆசிரியர் பயிற்சியும் சேர்த்து எடுத்திருந்தாள். கடைசிப் பருவம் முழுக்க ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தினால் ஆசிரியர் உரிமம் கையில் கிடைத்துவிடும். அதே பருவத்தில் பெரிய ஆய்வுக் கட்டுரையும் எழுத அவளுக்கு ஆசை. இரண்டும் ஒன்றாக நடக்காது. ஏதாவது ஒன்றைத்தான் பிடிக்க முடியும்.

கூட்டம் முடிந்த வாரமே மாணவர்கள் பேசியவர்களுக்குக் கைப்பட நன்றி அட்டை எழுத வேண்டும் என்பது எங்கள் அலுவலக வழக்கம். எழுத்துப்பிழை பார்த்து அனுப்புவது நான். ஜனெலின் அட்டையை நான்தான் முதலில் படித்தேன். மார்லிஸின் பேச்சைக் கேட்ட பிறகு பள்ளிப் பயிற்சியை விட்டுவிட்டதாகவும், கட்டுரை எழுதிவிட்டு அவரைப்போலவே போய்க் கதவைத் தட்டப்போவதாகவும் எழுதியிருந்தாள். எனக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. அந்த வரியை எடுத்துக் கல்லூரிச் செய்தி மடலிலும் போட்டேன். இன்றைக்கு அதை நினைத்தால் கூசுகிறது.

மார்லிஸுக்கு அட்டை நவம்பர் முதல் வாரம் போய்ச் சேர்ந்தது. பள்ளிப் பயிற்சிக்குத் திரும்பப் பெயர் கொடுக்க இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அவர் அதை விசாரித்துத் தெரிந்துகொண்டார். தெரிந்துகொண்டு, ஜனெலுக்குப் போனும் செய்தார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

இந்த ஊர்க்காரர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மனசில் இருப்பதை நேராகச் சொல்வது இங்கே அடிப்பதற்குச் சமம். விருந்தில் ஒரு பதார்த்தத்தை வாயில் வைத்து "வித்தியாசமா இருக்கே" என்றால், துப்ப இடம் தேடுகிறார்கள் என்று அர்த்தம். மார்லிஸும் அப்படித்தான் பேசினார். முதலில் பனி, பிறகு நாய், பிறகு ஜனெலின் அப்பா லாரியை எந்தச் சாலையில் ஓட்டுகிறார் என்பது. இருபது நிமிடம் கழித்துத்தான் விஷயத்துக்கு வந்தார்.

"எனக்கும் கொஞ்சம் ஒத்தாசை இருந்துச்சும்மா, அந்தக் காலத்துல. வீட்டுப் பக்கத்துலேருந்து."

"ஒத்தாசை இல்லாம யாரு வந்திருக்காங்க? எங்கம்மாவும்தான் எனக்கு ஒத்தாசை. உங்களுக்கு ரொம்ப அடக்கம். அதனாலதான் எல்லாருக்கும் உங்களைப் பிடிக்குது."

அப்படியெல்லாம் இல்லை என்று மார்லிஸ் முனகியிருக்கிறார். பண்டிகை வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். இரண்டு வாரமும் போயிற்று.

ஜனெலின் கட்டுரைக்குப் பரிசு கிடைத்தது. வேலை கிடைக்கவில்லை. மினியாபொலிஸில் அவள் ஏறி இறங்கிய கட்டடங்களில் அடையாள அட்டை இல்லாமல் மின்தூக்கிக்குப் பக்கத்தில்கூட விடமாட்டார்கள். காவலாள் இணையத்தில் விண்ணப்பிக்கச் சொல்லி அனுப்பிவிடுவார். அறுபது விண்ணப்பம் போட்டாள். உரிமத்துக்கு மறுபடி படிக்கலாமென்றால் இன்னொரு பருவம் கல்லூரியில் இருக்க வேண்டும், அது அந்த வீட்டில் நடக்காத காரியம். கடைசியில் சொந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே உதவியாளாகச் சேர்ந்தாள். பிள்ளைகளுக்குக் கோட்டு மாட்டிவிடுவது, பென்சில் சீவுவது, மதியம் வரிசையில் நிற்க வைப்பது. அவள் நடத்தியிருக்க வேண்டிய பாடத்தை வேறொருவர் நடத்த, பின்பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? படித்து முடித்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கணக்கெடுப்பது நான்தானே. அவள் எழுதியனுப்பிய பதிலைப் படித்துவிட்டு, 'கல்வித் துறை' என்ற கட்டத்தில் அவளைச் சேர்த்தேன். மார்லிஸ் ஒவ்வொரு அக்டோபரிலும் கேக் தட்டை என் கையில் கொடுக்கும்போது, அந்தப் பெண் என்ன செய்கிறாள் என்று மெதுவாகக் கேட்பார். கல்வித் துறையில் இருக்கிறாள் என்பேன். அவர் முகம் தெளிந்துவிடும். உள்ளே போய் ஏழு நிமிடம் பேசுவார். நான் சொன்னதும் பொய்யில்லை பாருங்கள்.

ஜனெல் படித்து முடித்த நான்காவது வருடம், அக்டோபர் கூட்டத்தில் மேஜைக்கு ஒரு இளம் முகம் வேண்டும், கல்வித் துறையாக இருந்தால் நல்லது என்று எங்கள் இயக்குநர் கேட்டார். பட்டியலில் ஜனெலின் பெயர் முதலில் நின்றது. கூப்பிட்டேன், வருகிறேன் என்றாள். நான் செய்த காரியம் புத்தியாலா, குற்ற உணர்ச்சியாலா என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

அழைப்பிதழில் அந்தப் பெயரைப் பார்த்ததும் மார்லிஸ் வெள்ளிக்கிழமையே என் அறைக்கு வந்துவிட்டார். கையில் கேக் இல்லை. கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். அந்தக் கம்பெனியில் துணைத் தலைவராக இருந்த ஓர்வில் தன் தாய்மாமன் என்றார். போவதற்கு முதல் நாளே மாமா மேலாளருக்குப் போன் செய்துவிட்டார். மார்லிஸ் உள்ளே போனபோது மேஜையில் அவர் பெயர் தட்டச்சு செய்த படிவம் தயாராக இருந்தது. அந்தப் பதிலை அவர் சொன்னது நிஜம், மேலாளர் சிரித்ததும் நிஜம். வேலை மட்டும் அதற்கு முன்பே கிடைத்திருந்தது.

"முதல் வருஷமே சொல்லியிருக்கணும். எல்லாரும் சிரிச்சாங்களா, நல்லா இருந்துச்சு. அடுத்த வருஷம் எப்படி மாத்துறது?" என்றார். பிறகு, "அந்தப் பொண்ணு என்ன வேலை பாக்குறா? துறையைச் சொல்லாதே, வேலையைச் சொல்லு."

சொன்னேன். அழுதார். நானும்தான்.

மறுநாள் காலை கூடம் நிறைந்திருந்தது. மார்லிஸ் எழுந்து பழைய கதையை மேலாளர் சிரித்த இடம்வரை கொண்டுபோனார். அங்கே நிறுத்தி, மாமாவைப் பற்றியும் போனைப் பற்றியும் படிவத்தைப் பற்றியும் சொன்னார். பிள்ளைகள் இதையும் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, "தட்டினேன்னு பதினோரு வருஷமா சொன்னேன். கதவு திறந்துதான் இருந்துச்சு. உங்கள்ல ஒருத்தர் அதை நம்பி நஷ்டப்பட்டாங்க" என்றார். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. உட்கார்ந்துவிட்டார். யாரும் கைதட்டவில்லை. ஜனெல் தன் முறையில் தன் வேலையை மறைக்காமல் சொன்னாள். மார்லிஸின் பெயரை எடுக்கவே இல்லை.

கூடம் காலியான பிறகு மார்லிஸ் அவளிடம் போய் மன்னிப்புக் கேட்டார். நான் காப்பிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். நகர்ந்திருக்கலாம், நகரவில்லை.

"உங்க மாமா போன் பண்ணதுல எனக்குக் கோபம் இல்ல" என்றாள் ஜனெல். "எனக்கு அப்படி ஒரு மாமா இல்ல. ஆனா நீங்க இருந்தீங்களே. இப்படித்தான் நடக்கும்னு சொல்லியிருந்தா, வெக்கப்படாம உங்ககிட்டயே வந்து கேட்டிருப்பேன்."

மார்லிஸ் தலையை ஆட்டினார். ஜனெல் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "உங்க பிரிவுக்கும் விண்ணப்பம் போட்டேன், தெரியுமா?" என்றாள். "உங்களைத் தெரியும்னு ஒரு வார்த்தை எழுதல. யாரோட பேரையும் சொல்லாமத்தானே நீங்க போனீங்க, நானும் அப்படியே போகணும்னு நெனச்சேன்."

எந்த மாதம் என்று மார்லிஸ் கேட்டார். படிப்பு முடிந்த அந்த ஜூன் மாதம் என்றாள் ஜனெல்.

பனியைப் பற்றியோ நாயைப் பற்றியோ மார்லிஸ் ஒன்றும் பேசவில்லை.

"அந்த ஜூன்ல நான் மூணு பேரை எடுத்தேன்" என்றார்.