பவுலின் சொல்ல மறுத்தது

நீலசந்திராவில் இருந்த வீட்டிலிருந்து பவுலின் நடந்தே நீதிமன்றத்துக்குப் போவாள். 1958இல் அவளுக்கு இருபத்தாறு வயது. காலைப் பனிக்குள் அந்தச் சிவப்புக் கட்டடம் மிதப்பதுபோல் தெரியும். உள்ளே நுழைந்த பிறகும் சிறிது நேரம் கால் தரையில் பதியாது. மாநிலத்தின் மிகப் பெரிய நீதிமன்றத்தில், மூன்று நீதிபதிகள் சொல்வதைச் சுருக்கெழுத்தில் எடுத்துத் தட்டச்சு செய்வது அவள் வேலை.

மூவரில் மூத்தவர் கஸ்தூரிரங்கன். அவர் தொண்டையைக் கனைத்தாலே வக்கீல்கள் உட்கார்ந்துவிடுவார்கள். இளையவர் நோயல் அவரோடு ஒத்துப்போனதே இல்லை; இருவரும் நேரில் பேசிக்கொள்வதும் அபூர்வம். மூன்றாமவர் கோவிந்தப்பா. ஆறு வருடமாக அவர் சொன்னதெல்லாம் ஒரே வரி: மூத்தவரின் தீர்ப்பை ஏற்கிறேன்.

தொழிற்சங்கம் வைத்ததற்காக அடுகோடியில் இருந்த பட்டறை ஒன்று நாற்பது பேரை வேலையிலிருந்து வெளியேற்றிய வழக்கு வந்தது. மூத்தவர் முதலாளி பக்கம், நோயல் தொழிலாளர் பக்கம். கோவிந்தப்பாவின் அந்த ஒரு வரியைப் பவுலின் முன்கூட்டியே அடித்து எடுத்துப் போனாள்.

அவர் அதைப் படித்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். வெளியே தூறல்.

"இதைக் கிழிச்சிடும்மா. நோட்டு எடு."

பதினொரு பக்கம் சொன்னார். குரல் மழையோடு மழையாக வந்தது. யாருடைய கனவையோ எழுதிக்கொண்டிருப்பதாகப் பவுலினுக்குத் தோன்றியது.

மறுநாள் காலை கஸ்தூரிரங்கன் கூப்பிட்டார்.

"கோவிந்தப்பா ரொம்ப நேரம் டிக்டேட் பண்ணினாராமே. என்ன சொன்னார்?"

"அவர் இன்னும் கையெழுத்து போடலைங்க சார்."

"நான் கேக்கறேன், பவுலின்."

"போடறதுக்கு முன்னாடி சொல்ல முடியாதுங்க சார்."

அவர் கையை அசைத்து அனுப்பிவிட்டார்.

"சொல்லித் தொலைச்சிருக்கலாமேடி" என்றாள் வீட்டில் அக்கா யூனிஸ். வேலை போய்விடும் என்றுதான் பவுலினும் நினைத்தாள்.

கோவிந்தப்பா கையெழுத்திட்டு மற்ற இருவருக்கும் அனுப்பினார். நோயலுக்குத் துணை கிடைத்தது. நாற்பது பேருக்கும் வேலை திரும்பக் கிடைக்கப்போவது உறுதியானது. மூத்தவர் முதல்முறையாகத் தனியாளானார். அன்று மாலையே பவுலினை அழைத்தார்.

"என் தீர்ப்பை எதிர்த் தீர்ப்பா மாத்தி எழுதணும். இப்ப நான் மைனாரிட்டி. கோர்ட்ல படிக்கிற வரைக்கும் வெளியில மூச்சு விடக் கூடாது. அதுக்கு நீதான் சரி."

மெல்லச் சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார்.

"அவர் எழுதினதை நீதானே அடிச்சே. நன்னா இருக்கா?"

"இருக்குங்க சார்."

"எனக்கும் அப்படித்தான் பட்டது."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கோவிந்தப்பாவின் தீர்ப்பை மறுத்து அடுத்த பத்தியைச் சொல்லத் தொடங்கினார்.