பொட்டு வைத்த நுண்ணோக்கி

நம் பிள்ளைகளுக்கு அறிவியல் ஆர்வமே இல்லை என்று யாராவது மேடையில் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆர்வம் இருந்தது, ஐயா. எனக்கே இருந்தது.

யோங் பெங் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது அங்கே இருந்தது ஒரே ஒரு நுண்ணோக்கி. அரசாங்கம் கொடுத்ததல்ல, தோட்டத்துப் பெற்றோர்களே பணம் திரட்டி வாங்கியது. அதற்கு வீடுவீடாக அலைந்தவர் என் அப்பா. தலைமையாசிரியர் அறையின் கண்ணாடி அலமாரியிலிருந்து அது சரஸ்வதி பூஜையன்று மட்டும் வெளியே வரும். சந்தனம், குங்குமம் வைத்து, மாலை போட்டு, நாங்கள் கும்பிட்டதும் மறுபடி உள்ளே போய்விடும்.

அந்த வருடம் எனக்கு ஒரு சந்தேகம் பிடித்துக்கொண்டது. பள்ளிக்குப் பின்னால் லோங்காங்கில், அதாவது சாக்கடைக் கால்வாயில், தேங்கிய தண்ணீரில் கொசுப்புழுக்கள் ஏன் தலைகீழாகத் தொங்குகின்றன? ஆசிரியையிடம் கேட்டேன், பாடத்தில் இல்லை என்றார். பூஜையன்று ஒரு போத்தலில் புழுக்களைப் பிடித்துக்கொண்டு போனேன். கற்பூரம் காட்டி முடிந்ததும் தலைமையாசிரியர் முன்னால் நின்று, ஒரே ஒரு தடவை பார்க்கிறேன் என்று கெஞ்சினேன்.

“உடைஞ்சா யாரும்மா பதில் சொல்றது? இதெல்லாம் பரீட்சையில வராது லா,” என்றார் அவர்.

பூஜைக்கு வந்திருந்த அப்பா எனக்காகப் பேசுவார் என்று திரும்பிப் பார்த்தேன். அவரோ பல்லைக் கடித்துக்கொண்டு வந்து, போத்தலைப் பிடுங்கி வெளியே கொட்டினார். சாமி காரியத்தில் சாக்கடையைக் கொண்டுவந்து மானத்தை வாங்கிவிட்டேனாம். நுண்ணோக்கியில் கண் வைத்துப் பார்க்கும் கண்ணாடியிலேயே சந்தனம் அப்பியிருந்தது. அது யார் கண்ணிலும் படவில்லை. இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

தீபாவளிக்கு ஸ்கூடாயிலிருந்து அத்தை மகன் வந்திருந்தான். அவன் படித்த பெரிய பள்ளியில் மேசைக்கு ஒரு நுண்ணோக்கியாம். என் சந்தேகத்தைக் கேட்டதும், புழு வால் பக்கமாகத்தான் மூச்சு விடுகிறது, நானே பார்த்தேன் என்றான், ஏதோ பலகாரத்தைப் பற்றிச் சொல்வதுபோல.

“ஒண்ண நான் கீழ போட்டு உடைச்சிட்டேன். டீச்சர் வேற எடுத்துக்கச் சொன்னாங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது. என்ன பள்ளிக்கூடம் அது! எங்களுடையதில் இதுவரை ஒரு கீறல்கூட விழுந்ததில்லை என்று பெருமையடித்துக்கொண்டேன். அப்பாவும் ஆமாம் என்று தலையாட்டினார். உடைத்தால் இன்னொன்று கிடைக்கும் என்பதால்தான் அவனால் பார்க்க முடிந்தது என்பதோ, எங்களுக்கு இன்னொன்று தர யாருமில்லை என்ற பயத்தில்தான் அப்பா அந்தப் போத்தலைக் கொட்டினார் என்பதோ அன்று எனக்குப் புரியவில்லை.