சாமிக்கு எடை குறைந்த நாள்

என்னை ஒருமுறை கோயில் தெரு வரைக்கும் கொண்டுபோய், சாமிக்கு எடை பத்தாது என்று திருப்பிக் கூட்டிவந்திருக்கிறார்கள். சொன்னால் யாரும் நம்புவதில்லை. இன்றைக்கு என்னைப் பார்க்கிறவர்களுக்கு நம்புவது இன்னும் கஷ்டம். பஸ்ஸில் நான் உட்கார்ந்தால் பக்கத்து சீட்டுக்காரர் ஜன்னலோடு ஒட்டிக்கொள்வார். மகள் வாங்கிக் கட்டிவிட்ட கைக்கடிகாரம் நான் நடக்கிற நடையை எண்ணி, போதாது போதாது என்று அவ்வப்போது அதிர்ந்துகொண்டிருக்கிறது. அது அதிரும்போதெல்லாம் எனக்கு அத்தை ஞாபகம் வரும்.

ராஜபாளையத்தில் அப்பாவுக்குக் கழிவுப்பஞ்சு வியாபாரம். மில்களில் மிஞ்சுகிற பஞ்சை வாங்கிச் சாக்கில் அடைத்து வெளியூருக்கு அனுப்புவார். வீட்டுக்குப் பின்னாலேயே சரக்கு அடுக்குகிற கிட்டங்கி. பஞ்சை அடைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. திணிக்கத் திணிக்க அமுங்கின மாதிரி இருக்கும், கையை எடுத்தால் மறுபடி பொங்கி வெளியே வரும். அதற்காக சாக்கை உத்தரத்தில் தொங்கவிட்டு, உள்ளே ஆள் இறங்கி மிதிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஆள் நான்தான். தெருவில் என் வயசுப் பிள்ளைகள் எல்லாரும் இறங்கிப் பார்த்தார்கள். அவர்கள் குதித்தால் பஞ்சு அசையாது. நான் குதித்தால் இடுப்பளவு அமுங்கும். லோடு ஏற்றுகிற அண்ணன்மார்கள் கைதட்டுவார்கள். தலையெல்லாம் பஞ்சு ஒட்டிக்கொண்டு வெளியே வருவேன். அம்மா திட்டிக்கொண்டே பேன் சீப்பால் வாரிவிட்டு, கூடவே தட்டு நிறையச் சோறு போடுவாள். அப்போது நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். குண்டாக இருப்பது ஒரு கெட்டிக்காரத்தனம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

எனக்கு ஒரு நேர்த்திக்கடன் பாக்கி இருந்தது. குறைமாதத்தில் பிறந்தவள் நான். பிழைக்கமாட்டாள் என்று எல்லாரும் கைவிட்ட பிள்ளையை அம்மா பஞ்சில் பொதிந்து நெஞ்சோடு வைத்துக்கொண்டே கிடந்திருக்கிறாள். அப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் வைத்தியநாத சாமிக்கு நேர்ந்துகொண்டாள், பிள்ளை தேறி வந்தால் எடைக்கு எடை வெல்லம் தருகிறேன் என்று. தராசில் ஒரு தட்டில் பிள்ளை, மறு தட்டில் வெல்லம். பிள்ளை தேறிவிட்டது. தேறி, நடந்து, ஓடி, பள்ளிக்கூடம் போய், சாக்கில் இறங்கிப் பஞ்சும் மிதிக்க ஆரம்பித்துவிட்டது. வீடு கட்டுகிறோம், சித்தப்பா கல்யாணம், சொந்தத்தில் ஒரு சாவுத் துட்டி என்று நேர்த்திக்கடன் மட்டும் தள்ளிக்கொண்டே போனது. கடைசியில் அந்தக் கோடை லீவில் வைகாசித் திங்கட்கிழமை ஒன்றைக் குறித்தார்கள்.

நாள் குறித்ததும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அத்தை வந்து இறங்கினாள். அப்பாவுக்கு மூத்த அக்கா. கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில்தான் அத்தை வீடு. சாப்பாடு, சொந்தபந்தம் எல்லாம் அங்கேதான் என்று பேச்சு. அத்தை என்னைக் கூப்பிட்டு நிற்கவைத்தாள். திரும்பச் சொன்னாள். மறுபடி திரும்பச் சொன்னாள். பிறகு அம்மாவைப் பார்த்து, "ஏட்டி, இவளை இப்பிடியே தட்டுல உக்கார வச்சா வெல்லம் ஏற ஏற ஊரே சிரிக்குமே. நாளைக்கு இவளைக் கட்டிக்குடுக்க வேணாமா?" என்றாள்.

அத்தைக்கு எதிரே அம்மா வாயைத் திறந்து நான் பார்த்ததே கிடையாது. அப்பாவே அக்கா முன்னால் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்கிறவர். லீவு முழுக்க என்னைத் தன் வீட்டில் வைத்து இளைக்கவைத்துத் தருவதாகச் சொல்லி, சாயந்திர பஸ்ஸிலேயே அத்தை கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

இளைக்கவைப்பதற்கு அத்தை வீட்டைவிடப் பொருத்தமில்லாத இடம் உலகத்தில் கிடையாது. மாமா பால்கோவா போடுகிறவர். பின்கட்டில் விடியலிலிருந்து அடுப்பு எரியும், இரும்புச் சட்டியில் பால் சுண்டிக்கொண்டே இருக்கும், மாமா துண்டை முண்டாசு கட்டிக்கொண்டு கிண்டிக்கொண்டே நிற்பார். தலையணைகூட பால்கோவாதான் மணக்கும். அந்த மணத்தில் உட்கார்ந்துகொண்டு நான் கொள்ளு ரசம் குடித்தேன். காலையில் வாழைத்தண்டுச் சாறு. மத்தியானம் ஒரு கரண்டிச் சோறு, அதுவும் அத்தை கரண்டியைத் தட்டி அளந்து போடுவது. ராத்திரி ஒரு காய்ந்த சப்பாத்தி. வெயில் ஏறுவதற்குள் தேர் ஓடுகிற வீதிகளை அத்தையோடு சுற்றி வரவேண்டும். கடைகள் அப்போதுதான் திறக்கும், ஒவ்வொரு கடையிலும் கண்ணாடிப் பெட்டிக்குள் பால்கோவா குவிந்திருக்கும். "தலையைக் குனிஞ்சு நடட்டி" என்பாள் அத்தை.

அத்தை கொடுமைக்காரி இல்லை. ராத்திரி நான் பசியில் புரண்டால் எழுந்து வந்து விசிறிவிடுவாள். சோறு மட்டும் போடமாட்டாள். அவளே எங்கள் எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, அடுக்களையில் நின்றபடி இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு கையைக் கழுவிவிடுவாள். அத்தனை வருஷம் பால்கோவா வீட்டில் குடித்தனம் செய்தும் ஒரு விள்ளல் அவள் வாயில் வைத்து நான் பார்த்ததில்லை. சலித்துப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் அழுதேன். பிறகு பழகிவிட்டது. பழகியதைவிட மோசம், பிடித்துவிட்டது. பீரோக் கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நின்று வயிற்றை உள்ளே இழுத்துப் பார்ப்பேன். அத்தை கரண்டியால் தட்டி அளந்து போட்டதிலும் நானே பாதியை எடுத்துச் சட்டியில் போட்டுவிடுவேன். அத்தைக்கு அதில் பெருமை. மாமாவுக்குத்தான் பொறுக்கவில்லை. ஒருநாள் அத்தை குளிக்கப்போன சமயம் பார்த்து, சட்டியின் அடியில் ஒட்டிய செந்நிறச் சுரண்டலை வாழையிலைத் துண்டில் வழித்து என்னிடம் நீட்டினார். அது பாலும் சீனியும் தீய்ந்து முறுகி, கோவாவைவிட ருசியாக இருக்கும். முன்பெல்லாம் அதற்காகவே லீவுக்கு இங்கே வருவேன்.

"வேணாம் மாமா. குண்டாயிருவேன்" என்றேன்.

"அம்புட்டுக்குப் பயந்துட்டியா மருமகளே" என்று மாமா முனகிவிட்டு, இலையை அடுப்பு மேட்டில் வைத்துவிட்டுக் கிண்டப் போனார். நான் சாதித்துவிட்ட சந்தோஷத்தில் இருந்தேன்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் பஸ்ஸில் எட்டிப்பிடிக்கிற தூரம்தான். ஆனாலும் மகளை நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு வேவு பார்க்க வந்தது மாதிரி அம்மா வரமுடியுமா? அப்பாதான் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, "நல்லா வடிஞ்சிட்டா" என்று திருப்தியோடு போனார். அவர் அதை வீட்டில் போய் எப்படிச் சொன்னாரோ, அம்மா அதை எப்படிக் கேட்டுக்கொண்டாளோ தெரியாது.

குறித்த திங்கட்கிழமை வந்தது. தேவதானத்திலிருந்து தாய்மாமன் வெல்லச் சாக்குகளோடு வந்து இறங்கினார். அப்பா கிட்டங்கித் தராசையே கழற்றி, சங்கிலியும் தட்டுமாக வேனில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். தன் தராசைத் தவிர இன்னொரு தராசை அவர் நம்பமாட்டார். பஞ்சு வியாபாரத்தில் எடையில் கைவைக்கிறவர்கள் உண்டு, தண்ணீர் தெளித்து எடை ஏற்றுகிறவர்களும் உண்டு. அப்பா தராசில் குண்டுமணி பிசகாது என்று பேர். அந்தப் பேருக்காக அவர் எதையும் விட்டுக்கொடுப்பார்.

அம்மா எனக்குப் பட்டுப்பாவாடை தைத்துக்கொண்டு வந்திருந்தாள். பழைய அளவுக்குத் தைத்தது. நாடாவை இழுத்துக் கட்டியும் இடுப்பில் நிற்கவில்லை. ஒரு கையால் பிடித்துக்கொண்டே அம்மா முன்னால் போய் நின்றேன். பாராட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அம்மா என் மணிக்கட்டைத் தன் விரலால் வளைத்துப் பிடித்தாள். முன்பு எட்டாத விரலும் விரலும் தொட்டுக்கொண்டன. அப்படியே பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள். முற்றத்தில் சொந்தக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். கிளம்பலாம் கிளம்பலாம் என்று அப்பா துண்டை உதறிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு எடைக்கு எடை வேணாம்" என்றாள் அம்மா.

என்ன என்ன என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அம்மா குரலை உயர்த்தவில்லை. "பிள்ளை முழு எடைக்கும் தாரேன்னு நேந்தது நான். குறைச்சுக் கொண்டாந்து தட்டுல ஏத்துனா சாமிகிட்ட கள்ளத் தராசு பிடிச்ச மாதிரி ஆயிராதா? நம்ம குடும்பத்துல அப்பிடி வழக்கம் உண்டா?"

கடைசிக் கேள்வி அப்பாவைப் பார்த்துக் கேட்டது. ஊர் முழுக்கத் தராசுக்குப் பேர் வாங்கினவர், தெரியாமல் சாமிக்கே எடை குறைக்கப் பார்த்துவிட்டார். தாய்மாமன் சாக்கிலிருந்து கையை எடுத்துவிட்டார். வந்திருந்த பெரியவர்கள், ஆமாமா, தப்புத்தான், எவ்வளவு பெரிய தோஷம் என்று ஒவ்வொருவராக அம்மா பக்கம் சாய்ந்தார்கள்.

அத்தை முகம் வெளுத்துவிட்டது. "நான் அவ நல்லதுக்குத்தான..." என்று ஆரம்பித்தாள்.

"உங்களைச் சொல்வேனா மதினி. இது சாமி காரியம்" என்றாள் அம்மா.

சமைத்ததை வீணாக்க வேண்டாம் என்று பந்தி போட்டார்கள். அம்மா என்னைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து அவளே பிசைந்து ஊட்டினாள், ஆறாவது முடித்த பெண்ணுக்கு. முதல் வாயை வாங்க எனக்குப் பயம். அத்தையைப் பார்த்தேன். அத்தை சாம்பார் வாளியோடு தூணோரம் நின்றாள். அம்மா எழுந்துபோய் அந்த வாளியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அத்தையைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து எனக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்தாள். இலை போட்டாள். சோறு, பருப்பு, நெய். இலையின் ஓரத்தில் மாமா போட்ட பால்கோவா ஒரு கை. "எவ்வளவு வருஷமாச்சு மதினி, நீங்க உக்காந்து சாப்ட்டு" என்றாள். அத்தை பால்கோவாவை விரலால் தொட்டுக்கொண்டே வெகுநேரம் இருந்தாள். பிறகு ஒரு விள்ளலை வாயில் வைத்தாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. அம்மாவிடம் தோற்றுப்போன கோபத்தில் அழுகிறாள் என்று எனக்குத் தோன்றியது.

கல்யாணத்துக்கு முன்னால் அத்தையைப் பெண் பார்க்க வந்தவர்கள் வரிசையாக, பெண் தடி என்று சொல்லிவிட்டுப் போனதும், ஒருத்தர் அவள் காதுபடவே சிரித்ததும், பல வருஷம் கழித்து அத்தை செத்த வீட்டில் மாமா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த அவமானம் எனக்கு வராமல் தடுக்கத்தான் அவள் அந்தப் பாடு பட்டிருக்கிறாள். தனக்குத் தெரிந்த ஒரே வழியில் என்னைக் காப்பாற்றப் பார்த்தாள், பாவம்.

அம்மாவைப் பற்றி நான் நம்பியது இன்னும் வேடிக்கை. அம்மாவுக்கு சாமி என்றால் அப்படி ஒரு பயம் என்றுதான் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு மகள் பிறந்து, என் வீட்டிலும் அவள் சாப்பாட்டுத் தட்டை ஆளாளுக்கு எட்டிப்பார்க்க ஆரம்பித்த பிறகுதான் புரிந்தது. வைத்தியநாதர் வெல்லத்தை நிறுத்துப் பார்த்து வாங்குகிறவரா என்ன? என் பிள்ளையைப் பட்டினி போடாதே என்று நாத்தனாரிடம் சொல்ல அம்மாவுக்கு வாய் கிடையாது. அதனால் சாமியின் வாயை இரவல் வாங்கிக்கொண்டாள்.

கார்த்திகையில் மறுபடி நாள் குறித்தார்கள். அதற்குள் பாவாடை எனக்குச் சரியாகிவிட்டது, கொஞ்சம் இறுக்கம்கூட. கோயிலில் அதே தராசைக் கட்டினார்கள். அப்பா என்னைத் தூக்கித் தட்டில் உட்காரவைத்தபோது, இத்தனை பேர் பார்க்கிறார்களே என்று மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டேன். மூச்சைப் பிடித்தால் எடை குறையும் என்று அத்தை வீட்டுக் கண்ணாடி முன்னால் நானாகக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். அம்மா குனிந்து என் காதில், "மூச்சை விடுட்டி" என்றாள். விட்டேன். தாய்மாமன் வெல்ல உருண்டைகளை அடுக்கினார். தட்டு அசையவில்லை. மேலும் அடுக்கினார். நான் இருந்த தட்டு தரையோடு கிடந்தது. யாரோ சிரித்தார்கள். அம்மா இன்னும் வைங்க, இன்னும் வைங்க என்றாள். மெல்ல, மெல்ல, தட்டு தரையை விட்டு எழும்பியது.

கற்பூரம் காட்டினார்கள். மணி அடித்தது. எல்லாரும் சந்நிதியைப் பார்த்துக் கைகூப்பினார்கள். அம்மா மட்டும் சாமிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கைகூப்பி, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாமி அந்தப் பக்கம் இருக்கிறது, தெரியாமல் திரும்பி நிற்கிறாளே, இதற்கு வேறு தோஷம் வந்துவிடப்போகிறதே என்று தட்டில் உட்கார்ந்தபடி அம்மாவுக்குக் கண்ணைக் காட்டிக்கொண்டே இருந்தேன்.