இரட்டை வேகத்தில் அம்மா

இந்த ஊரில் போன் மணி அடித்தால் மனிதர்கள் பயந்துபோகிறார்கள். துலூஸுக்கு வந்த இரண்டாவது வாரம், அலுவலகக் கதவைத் திறக்கும் எண் மறந்துபோய் வாசலில் நின்றேன். உடன் வேலை செய்யும் க்ளேருக்கு நேரடியாகப் போன் போட்டேன். அவள் உள்ளேதான் இருந்தாள், கண்ணாடி வழியாகத் தெரிந்தாள். மேசைமேல் அதிர்ந்த போனைப் பூரானைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள், எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்ததும் எனக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது: “செ க்ராவ்?” என்னுடைய பிரெஞ்சு காரைக்காலில் ஆறு மாதம் மாலை வகுப்புக்குப் போய்க் கற்றது. அந்தக் ‘க்ராவ்’ எழுத்தில் அப்படியே ஆங்கிலத்தின் கல்லறை. என்ன கல்லறை, யாருடைய கல்லறை என்று குழம்பி, “இல்லை, கதவு” என்று பதில் அனுப்பினேன். அவள் ஓடி வந்து கதவைத் திறந்து, மூச்சு வாங்க, “விபரீதமா என்றுதான் கேட்டேன்” என்றாள். “சொல்லாமல் கொள்ளாமல் போன் வந்தால் யாரோ செத்துப்போயிருப்பார்கள் என்று நினைக்க மாட்டேனா?”

ஊரில் இதைப் படிப்பவர்கள் சிரிப்பீர்கள். நம்மூரில் போன் அடிக்காவிட்டால்தான் கவலை. காரைக்கால் பக்கம் விழிதியூரில் எங்கள் அப்பாவுக்கு ஒரு நாளில் வரும் பாதி அழைப்புகள் “மோட்டாருக்குக் கரண்ட் வந்துருச்சா?” என்பதற்காக. சோற்றில் கை வைத்திருந்தாலும் இடது கையால் எடுத்துக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் சொருகிக்கொண்டு, “சொல்லுங்க, சொல்லுங்க, சாப்புட்டுகிட்டுதான் இருக்கேன்” என்பார். இங்கே அப்படியில்லை. ட்ராமில் பாருங்கள், இளைஞர்கள் எல்லாரும் போனை ரொட்டித் துண்டுபோலக் கிடையாக வாய்க்கு முன்னால் பிடித்து, கடிப்பதுபோல அதற்குள் பேசி அனுப்புகிறார்கள். அதற்குப் பெயர் ‘வோகல்’. நம்முடைய வாய்ஸ் மெசேஜ்தான். அனுப்புகிறவர் தனக்கு ஒழிந்த நேரத்தில் பேசுவார், கேட்கிறவர் தனக்கு ஒழிந்த நேரத்தில் கேட்பார். ஒருவர் நேரத்துக்குள் இன்னொருவர் நுழைவதில்லை. எனக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. நான் எதையும் சீக்கிரம் பழகிக்கொள்கிறவள். ஒரே மாதத்தில் க்ளேரைவிடப் பெரிய வோகல் பைத்தியமானேன்.

பழகியது போதாதென்று வீட்டுக்கும் சட்டம் போட்டேன். “வேல நேரத்துல போன் பண்ணாதீங்க, எல்லாரும் பாக்குறாங்க. எதுவா இருந்தாலும் வாய்ஸ் போடுங்க.” வீடியோவில் அம்மாவுக்குப் பாடம் எடுத்தேன். மைக்கை அழுத்து, விடாதே, மேலே தள்ளினால் பூட்டிக்கொள்ளும், பிறகு கையை எடுத்துவிடலாம். அம்மாவின் முதல் வாய்ஸ் மெசேஜில் எனக்கென்று ஒரு வார்த்தையும் இல்லை. “இது போவுதா? கலா, இங்க பாருடி, இது போவுதா?” என்று அக்காவைக் கூப்பிடும் சத்தம் மட்டும். ஒரு வாரத்தில் தேறிவிட்டாள். அதன் பிறகு தினமும் ஊரில் மதியச் சமையல் முடிகிற நேரத்துக்கு, இங்கே நான் காலையில் ட்ராமில் நிற்கும்போது, ஒன்று வரும். சாப்பிட்டாயா, குளிர் எப்படி, தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா. இருபது, முப்பது நொடி.

நான் அவற்றை இரட்டை வேகத்தில் கேட்டேன். அம்மாவை மட்டுமல்ல, எல்லாவற்றையும் அப்படித்தான் கேட்கிறேன். பாட வீடியோ, அலுவலகக் கூட்டத்தின் பதிவு, தோழிகளின் புலம்பல் எல்லாமே 2x. என் வயதுக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை, சாதாரண வேகத்தில் யாராவது பேசினால் நமக்கு இப்போது கை பரபரக்கிறது. அம்மா எதையும் உடனே ஆரம்பிக்க மாட்டாள். “ம்ம்ம்…” என்று இழுத்து, தொண்டையைச் செருமி, பிறகுதான் முதல் வார்த்தை. இரட்டை வேகத்தில் அந்த இழுப்பு காணாமல் போனது. பஸ்ஸைப் பிடிக்க ஓடும் கல்லூரிப் பெண் மாதிரி ஒருத்தி என் காதில் சாப்பாட்டைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனாள். நான் ஒரு இதயத்தைத் தட்டிவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

அது நடந்தது போன ஐப்பசியில். இரவில் போன் தன் மென்பொருளைத் தானாகவே புதுப்பித்திருந்தது. வேகம் பழையபடி ஒன்றுக்கு வந்திருந்தது. காலையில் ட்ராமில், ஒரு கையில் கம்பியைப் பிடித்தபடி அம்மாவை ஓடவிட்டேன். “ம்ம்ம்… சாப்டியாம்மா? நா கொஞ்சம் வெளிய வந்துருக்கேன். ஒரே சத்தமா கெடக்கு. நீ சாப்புடு. அப்பறமா பேசறேன்.” அவளுக்குப் பின்னால் மேளம், கூட்டத்தின் இரைச்சல், பிள்ளைகளின் கத்தல். “மாமி, இந்தப் பக்கம்! இந்தப் பக்கம் வீசுங்க!” “டேய், புடிச்சிட்டன்டா!” ஒரு நிறுத்தம்வரை சிரித்துக்கொண்டே வந்தேன். ஊர்ச் சத்தம் காதில் விழுந்த சந்தோஷம். பிறகுதான் உறைத்தது.

காரைக்கால்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் சாமி வீதியுலா வரும்போது, மாடிகளில் நின்று மாம்பழங்களைக் கூட்டத்துக்குள் வீசுவார்கள். ஆண்டுக்கு ஒரு நாள். ஐப்பசி அடைமழையில் யார் மாம்பழம் வீசுவார்கள்?

உரையாடலை மேலே தள்ளிக்கொண்டே போனேன். ஆனி மாதம். இருபத்து மூன்று நொடி. இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டேன். அதே இழுப்பு, அதே “புடிச்சிட்டன்டா.” முந்தைய நாள் வந்ததை எடுத்தேன், அது ஏற்கெனவே பங்குனியில் வந்தது. அதற்கு முந்தையது போன மார்கழியில் வந்தது. தான் அனுப்பியதையே ஒருவர் மறுபடி அனுப்பினால் ‘ஃபார்வர்டட்’ என்ற அடையாளம்கூட விழாதாம், அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஒவ்வொன்றாகப் பின்னால் போய்ப் பார்த்தால், ஐந்து வாரமாக எனக்கு வந்ததெல்லாம் பழைய குரல். இடையில் வீடியோவுக்குக் கூப்பிட்டபோதெல்லாம் டவர் இல்லை என்று அக்கா தள்ளிப்போட்டதும் நினைவுக்கு வந்தது. மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பதற்குத்தான் இங்கே எனக்குச் சம்பளம். ஐந்து வாரமாக “சாப்டேன்மா” என்று போன மாசிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஒருத்தியின் பழைய குரலை எடுத்து எதற்காக அனுப்புவார்கள்? எனக்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றியது. ஏதோ ஒரு நிறுத்தத்தில் இறங்கி, நானே போட்ட சட்டத்தை மீறி, அம்மாவின் எண்ணுக்குப் போன் போட்டேன். அக்காதான் எடுத்தாள்.

“என்னடி, திடீர்னு கூப்புடற? வேல இல்லியா?”

“அம்மாட்ட குடு.”

“அம்மா குளிக்கிது.”

“குளிச்சிட்டு வரட்டும். நா லைன்லயே இருக்கேன்.”

“இங்க மழடி, டவரே இல்ல. சாயங்காலமா நாங்களே…”

“அக்கா, மழையில யாருக்கா மாம்பழம் வீசுனா?”

“எந்த மாம்பழம்?”

“நீ இப்ப அனுப்புன மாம்பழம்.”

ஓட்டில் மழை விழும் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது. டவர் நன்றாகவே இருந்தது. “அம்மா உயிரோட இருக்கா, இல்லியா? அத மட்டும் சொல்லு” என்று கத்தினேன். நிறுத்தத்தில் நின்ற ஒரு பெரியவர் தன் நாயின் கயிற்றை இழுத்துக்கொண்டு நகர்ந்து நின்றார்.

“வாயக் கழுவுடி! எதிர்ல ஒக்காந்து வெண்டிக்கா நறுக்கிக்கிட்டிருக்கு,” என்று அக்கா அழ ஆரம்பித்தாள்.

விஷயம் இதுதான். அம்மாவின் கழுத்தில் தைராய்டு கட்டி. புதுச்சேரியில் ஆபரேஷன் ஆயிற்று. கட்டி நல்ல கட்டிதான், பயமில்லை. ஆனால் குரல் நரம்பை ஒட்டியிருந்ததால் குரல் போகலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார், அப்படியே போயிற்று. சில மாதத்தில் திரும்பலாம், திரும்பாமலும் இருக்கலாம். இப்போது காற்று மட்டும் வருகிறது.

“ஏங்க்கா எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா? நீ வந்து என்ன பண்ணப்போற? ரெண்டு நாளு கட்டுலுகிட்ட ஒக்காந்து திரும்பிப் போற டிக்கெட்டப் பாத்துக்கிட்டு இருப்ப. போன தடவ அதானே பண்ண?”

அப்பா போனை வாங்கினார். அவர் குரல் தணிந்திருந்தது. “நீதானம்மா சொன்ன, போன் பண்ணாதீங்க, வாய்ஸ் போடுங்கன்னு. அதான் வாய்ஸ் போட்டோம்.”

நான் போட்ட சட்டம்தான். ஆனால் கோபம் இருந்தது, இன்னும் இருக்கிறது. அதை இங்கே மறைக்கப்போவதில்லை. எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவுக்கு நான்தான் அட்மின். ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் வைத்து, “இது இருந்தா தூரமே இல்லப்பா” என்று எல்லாரையும் அதில் சேர்த்துவிட்டேன். ஐந்து வாரமாக அந்தக் குழுவில் ரோஜாப்பூவும் காலை வணக்கமும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. உண்மையான சேதி இன்னொரு குழுவில் ஓடிக்கொண்டிருந்தது. ‘அம்மா ஹெல்த்’. அதில் பத்தொன்பது பேர். மண்டபத்தூரில் இருக்கும் அப்பாவின் நண்பர் இருக்கிறார், பக்கத்து வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். போலகத்து ரேவதி இருக்கிறாள். என்னுடன் கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், தினமும் எனக்கு நாலு ரீல்ஸ் அனுப்புகிறவள். தையல் பிரித்த படத்தைப் பார்த்து அங்கே கும்பிடு போட்டுவிட்டு, அதே நிமிடத்தில் எனக்குப் பூனை வீடியோ அனுப்பியிருக்கிறாள். “ஏண்டி?” என்று கேட்டால், “கலா அக்கா சத்தியம் வாங்கிட்டாங்கடி” என்கிறாள். எல்லாருடைய ஸ்டேட்டஸும் எனக்கு மட்டும் மறைக்கப்பட்டிருந்தது. என் பெயரைத் தேடி எடுத்து, என் பெயருக்கு நேராக ஒவ்வொருவரும் விரலால் ஒரு முறை தட்டியிருக்கிறார்கள். அதைச் செய்யும் வழியை அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான், வேறொரு சொந்தக்காரரிடமிருந்து மறைப்பதற்காக.

முன்பெல்லாம் வெளிநாடு போனவனிடம் சேதியை மறைக்க ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, கடிதத்தில் அதை எழுதாமல் விட்டால் போதும். இப்போது மறைக்க உழைக்க வேண்டியிருக்கிறது. தினமும் நேரம் பார்த்து, பொருத்தமான குரலைப் பொறுக்கி, நீல டிக் விழுந்ததா என்று கவனிக்க வேண்டும். தூரத்தில் இருப்பவளை எட்டவே வைத்திருப்பதற்கு அவ்வளவு வசதியும் இந்தக் கையளவு கண்ணாடிக்குள் இருக்கிறது. புலம்பெயர்ந்த நண்பர்களே, ஒரு முறை உங்கள் போனை ஒன்றாம் வேகத்தில் கேட்டுப் பாருங்கள். வேறென்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். அதுவரை ஞாயிறுதோறும் வீடியோ. முதல் ஞாயிறு அக்காவிடம் கொட்டித் தீர்த்தேன். “என்னை முட்டாளாக்கணும்னு தெனமும் ஒக்காந்து தேடுனியா?” என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நா தேடலடி. அம்மாதான் தேடிச்சு” என்றாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கழுத்தில் கட்டோடு படுத்துக்கொண்டு, தன்னுடைய பழைய குரலைக் காதில் வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டு, இன்றைக்கு இது என்று அம்மாவே தேர்ந்தெடுத்து அனுப்பியிருக்கிறாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, எந்தெந்தத் தேதிக்கு எதை அனுப்பினோம் என்று குறித்துக்கொண்டதோடு சரி. அதைக் கேட்டபோது வந்த கோபத்தை யார் மேல் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. போனை வைத்துவிட்டேன்.

இந்த ஞாயிறு அம்மா தனியாக வந்தாள். அக்காவை வெளியே போகச் சொல்லிக் கையைக் காட்டினாள். அவளுடைய மூச்சுக்குரலை இந்தப் போன் இரைச்சல் என்று எண்ணி வடிகட்டிவிடுகிறது. மின்விசிறியை அழிப்பதுபோல அம்மாவை அழிக்கிறது. அதனால் நான் உதட்டைப் படிக்க வேண்டும். படித்ததைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், சரியென்றால் அவள் தலையாட்டுவாள். முதல் கேள்வியிலேயே தடுக்கியது. ஏதோ ஒருவர் ‘மேல கோவமா’ என்று கேட்டாள். யார் மேல்? அம்மாவுக்கும் அப்பாவுக்கும் உதட்டில் வித்தியாசமே இல்லை; சத்தம் வராமல் சொல்லிப் பாருங்கள்.

“அப்பா மேலயா?”

இல்லை.

“அம்மா மேல கோவமான்னா கேக்குற?”

ஆமாம்.

“ஆமா, கோவந்தான். கொறையல” என்றேன். அம்மா அதை வாங்கிக்கொண்டாள். முகத்தைத் திருப்பவில்லை. பிறகு மெதுவாக உதட்டை அசைக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, நான் பிடிக்கும்வரை காத்திருந்து, தவறினால் தலையை அசைத்து மறுபடி சொன்னாள். சட்டென்று முடிக்கிற விஷயமாக அது இல்லை. தெனமும்… பாத்துக்கிட்டு… இருந்தேன். எதை? நான் வருவேன்னா? இல்லை. நீ… நீ கண்டு… கண்டுபுடிப்ப… கண்டுபுடிப்பன்னு. சொற்களைக் கூட்டி முழுசாக ஒரு முறை நானே சத்தமாகச் சொன்னேன்.

“நீ கண்டுபுடிப்பன்னு தெனமும் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

துலூஸில் என் அறையில், அம்மா சொன்னது என் குரலில் கேட்டது. விழிதியூரில் அம்மா ஆமாம் என்று தலையாட்டினாள்.