விளக்கைப் பார்த்துக் கடை வைத்தவர்

என் தங்கை ருக்சானாவின் வீட்டுக்காரர் கிதர் முகம்மதுவை வியாபாரி என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். திண்டுக்கல் பஜாரில் பல வருஷமாக மளிகை மொத்தக்கடை நடத்துகிறவன் நான். வியாபாரி எப்படி இருப்பான் என்று எனக்குத் தெரியும். மாப்பிள்ளைக்குக் கடை திறக்கத் தெரியும், அவ்வளவுதான். வாசலில் ரிப்பன் கட்டுவார், ஹஜ்ரத்தை வரவழைத்து துஆ ஓத வைப்பார், வந்தவர்களுக்கு நெய்ச்சோறு போடுவார். மறுநாளிலிருந்து ஈ ஓட்டுவார். ஒரு தடவை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். மூன்று தடவை.

அவர் கடை திறந்த இடத்தைக் கேட்டால் நீங்களும் தலையில் அடித்துக்கொள்வீர்கள். தாடிக்கொம்பு ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே கொஞ்ச தூரம் நடந்தால், வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களுக்கென்றே மனை போட்டு விற்ற காலனி ஒன்று இருக்கிறது. போர்டில் என்னவோ கார்டன் என்று எழுதியிருக்கும். ஊருக்குள் அதற்குத் துபாய் நகர் என்றுதான் பெயர். ஒவ்வொரு வீடும் கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும், உள்ளே ஆள் இருக்காது. கட்டியவன் குவைத்தில் இருப்பான், பெண்டாட்டி பிள்ளைகளும் அவனோடு இருப்பார்கள். பள்ளிக்கூட லீவுக்கு வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போவார்கள். சவுதியில் தம்மாமில் ஏசி மெக்கானிக்காக இருந்த நம் மாப்பிள்ளையும் அங்கே ஒரு வீட்டைக் கட்டிப் போட்டார். அந்த அத்துவானத்தில் தனியாக இருக்கப் பயந்து, ருக்சானா மகள் ஷாஹினாவைக் கூட்டிக்கொண்டு பேகம்பூரில் என் வீட்டிலேயே பதினோரு வருஷம் இருந்துவிட்டாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாப்பிள்ளை சவுதியே வேண்டாம் என்று கணக்கை முடித்துக்கொண்டு வந்துவிட்டார். எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம்தான். மூன்று பேரும் அந்த வீட்டுக்குக் குடிபோனார்கள். போன அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் நின்று பார்த்திருக்கிறார். பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு சொன்னதும் தெரு முழுக்க விளக்கு, ஒரு வீடு பாக்கியில்லை. உடனே எனக்குப் போன்.

"மச்சான், இங்க இம்புட்டுக் குடும்பம் இருக்கு. ஒரு தீப்பெட்டி வாங்கணும்னாலும் ரோட்டுக்குத்தான் ஓடணும். நம்ம வீட்டுக்கு எதுத்தாப்புல மூலையில ஒரு கடையப் போட்டா பிச்சுக்கிட்டுப் போகும்."

நானும் நம்பித் தொலைத்தேன். அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு என்று ஒரு வண்டிச் சரக்கை நானே நின்று ஏற்றி அனுப்பினேன். திறப்பு விழாவுக்குக் காலனி வாட்ஸ்அப் குரூப்பில் மாஷா அல்லாஹ் கொட்டோ கொட்டென்று கொட்டியது. நேரில் வந்தது இரண்டே பேர். ஒருவர் வாட்ச்மேன் உடையப்பன், இன்னொருவர் கோடி வீட்டில் தனியாக இருக்கும் ஜெய்தூன் பீவி. சில நாள் கழித்து, பீடி வாங்க வந்த உடையப்பன்தான் மனது கேட்காமல் உண்மையைச் சொல்லியிருக்கிறார்.

"பாய், அந்த லைட்டெல்லாம் ஆளு போடுறது இல்ல. அவுக அங்கன இருந்தே போன்ல போடுறாக. வீட்டுல ஆளு இருக்குன்னு திருடன் நெனைக்கணும்ல."

இதைக் கேட்டபோது எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. இதே மாப்பிள்ளை தம்மாமில் உட்கார்ந்துகொண்டு, இங்கே பூட்டிக் கிடந்த தன் வீட்டுக்கு வருஷக்கணக்கில் போனிலேயே விளக்குப் போட்டவர். மற்ற யார் ஏமாந்தாலும் மன்னிக்கலாம், இவர் ஏமாறலாமா? நேரே போய்க் கேட்டேன்.

"நான் மட்டுந்தான் அப்படிப் போடுறேன்னு நெனச்சேன் மச்சான்" என்றார்.

சரி, லீவுக்கு வரட்டும், விற்கும் என்றார். லீவும் வந்தது, எல்லோரும் வந்தார்கள். பால்பவுடரிலிருந்து டிஷ்யூ பேப்பர் வரை பெட்டி பெட்டியாக அங்கிருந்தே கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். மளிகைக் கடைக்காரருக்கே ஆளுக்கொரு பால்பவுடர் டின்னும் கோடாலித் தைலமும் அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவரும் அதைப் பெருமையாக அலமாரியில் அடுக்கி வைத்திருந்தார்.

மளிகையை மூடிய கையோடு அதே மூலையில் ஷவர்மா கடை. அதுவும் அந்த வாட்ஸ்அப் குரூப் கொடுத்த யோசனைதான். நம்ம காலனிக்கு இது ரொம்பத் தேவை என்று கத்தாரிலிருந்து எழுதியவன் கத்தாரில்தானே சாப்பிடுவான்? சாயங்காலம் முழுக்கக் கம்பியில் கறி தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். உடையப்பன் தின்றார், நாங்கள் தின்றோம், ஒரு கட்டத்தில் ஷாஹினா அந்த வாடையே ஆகாது என்று மூக்கைப் பொத்திக்கொண்டாள். மூன்றாவது, ஏசி சர்வீஸ் கடை. கைத்தொழில், வீட்டுக்கு நாலு ஏசி, கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஓடாத ஏசி எப்படிக் கெடும்?

நானும் எத்தனையோ தடவை கூப்பிட்டேன். என் கடையில் பாதி இடம் சும்மாதான் கிடக்கிறது, கூட்டாக எலக்ட்ரிக் சாமான் போடலாம், பஜாரில் கல்லை வைத்தாலும் விற்கும் என்றேன். பார்ப்போம் மச்சான் என்பார், பார்க்க மாட்டார். இதற்கிடையில் பழைய கம்பெனி அவருக்கு மறுபடி விசா தரத் தயாராகிவிட்டது. தம்மாமில் அவரோடு இருந்த அப்துல் சுக்கூர், இவர் போனை எடுக்கவில்லை என்று என்னைப் பிடித்துக்கொண்டான். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும். அன்றைக்கே ருக்சானாவும் அழுதுகொண்டே பேசினாள்.

"அண்ணே, டவுன் கடைக்காச்சும் அவுகளச் சம்மதிக்க வைங்கண்ணே. இல்லாட்டிப் போயிருவாக. இனி ஒருக்காப் போனா ஷாஹினா கல்யாணத்துக்குத்தான் வருவாக."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். ஏசி கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளே ஒரு பழைய ஏசி, அதுவும் அவருடையது.

"என்னா மாப்ள முடிவு? சுக்கூரு இப்பக் கூப்பிடுவான்."

"போகத்தான் வேணும் மச்சான். வீட்டுச் செலவுன்னு ஒண்ணு இருக்குல்ல."

"அங்க போயி வேகுறதுக்கு என் கடைக்கு வர்றதுக்கு என்ன? பஜாருன்னா அம்புட்டுக் கேவலமா?"

"செத்த நேரம் இருங்க" என்றார்.

பாங்கு சத்தம் கேட்டது. தெருவில் இருந்த வீடுகளில் எல்லாம் பொசுக்கென்று விளக்கு எரிந்தது. எல்லா வீட்டிலும் வாசல் விளக்கு மட்டும், எல்லாம் ஒன்றாக. எதிரே அவர் வீடு மட்டும் இருட்டாக இருந்தது. ருக்சானா மறந்துவிட்டாளோ என்று நான் எழுந்தேன். அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

கொஞ்ச நேரத்தில் அடுப்படியில் விளக்கு வந்தது. பிறகு ஹாலில். அப்புறம் மாடியில் ஒன்று எரிந்து, அணைந்து, திரும்ப எரிந்தது. "மேல ஃபேன அமத்திட்டு வாடி" என்று ருக்சானா கத்துவது கடை வரைக்கும் கேட்டது. ஜன்னலைத் தாண்டி ஷாஹினா படியில் இறங்கிப் போனாள். கடைசியாகத்தான் வாசல் விளக்கு வந்தது.

"தம்மாம் ரூமுல படுத்துக்கிட்டே தெனமும் லைட்டப் போடுவேன் மச்சான். போட்டுட்டுக் கேமராவுல பாப்பேன். வாசல் பளிச்சுன்னு எரியும். குறுக்க ஒரு ஆளு போகாது" என்றார். "இது கையால போடுறது. உங்க கடைக்கு வந்தா, பூட்டிட்டு வரப் பத்து மணியாகும். அதுக்குள்ள ரெண்டு பேரும் அமத்திட்டுப் படுத்துருவாக. அதுக்குத் தம்மாம்ல இருந்தா என்ன, பஜார்ல இருந்தா என்ன?"

மூன்று கடையையும் இந்த மூலையிலேயே திறந்த காரணத்தை இந்த மனுஷன் முதலிலேயே சொல்லித் தொலைத்திருந்தால் நான் ஏன் இத்தனை நாள் கத்தப் போகிறேன்?

போன் அடித்தது. சுக்கூர்தான்.

"மாப்ள வரலப்பா. பஜார்ல எங்கூடக் கடை பாக்குறாரு" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவர் என்னையே பார்த்தார். "தெனமும் அஞ்சு மணிக்கெல்லாம் உங்கள விட்டுர்றேன், போதுமா?" என்றேன்.

பஜாரில் வியாபாரம் சூடு பிடிப்பதே அந்த நேரத்துக்கு மேல்தான். நிற்க இடமில்லாமல் கூட்டம் வரும்போது வீட்டுக்குக் கிளம்புகிற கூட்டாளியை எவனாவது சேர்ப்பானா? நான் சேர்த்திருக்கிறேன். அவர் கைகழுவிக்கொண்டு வண்டிச் சாவியைத் தேடும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது. வாடிக்கைக்காரர் யாராவது அவரைப் பிடித்துவைத்துப் பேசிக்கொண்டிருந்தால், "சீக்கிரம் போங்க மாப்ள, லைட்டப் போட்டுறப் போறாக" என்று விரட்டிவிடுவதும் நான்தான்.