அம்மா கோபமாக இருந்த வருடம்

எழுபதுகளின் கடைசியில் ஒரு வருடம் முழுக்க அம்மா கோபமாக இருந்தாள். அப்படித்தான் நாங்கள் நினைத்துக்கொண்டோம். சிரிப்பதில்லை, கண்ணைக்கூட அதிகம் இமைப்பதில்லை, எதைக் கேட்டாலும் மெல்லிய குரலில் இரண்டு வார்த்தை. பரவைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா டவுனுக்குப் போனால் மல்லிகைப்பூவும் அல்வாவும் இல்லாமல் திரும்பமாட்டார். அம்மா பூவை வைத்துக்கொள்வாள், அல்வாவைத் தின்பாள். முகம் மட்டும் இளகாது.

"இன்னும் எம்புட்டு நாளைக்கிடி இந்தக் கோவம்?" என்று அப்பா கெஞ்சுவார். எனக்கு அவர்மேல்தான் எரிச்சல். என்ன செய்தாரோ, ஒப்புக்கொண்டு தொலைத்தால் என்ன?

வலது கை நடுங்க ஆரம்பித்த பிறகுதான் மதுரையில் ஒரு டாக்டரிடம் போனோம். அவர் அம்மாவை நடக்கவிட்டுப் பார்த்தார், மணிக்கட்டை மடக்கிப் பார்த்தார், பார்க்கின்சன் என்று ஒரு பெயர் சொன்னார்.

"மூளைக்கு அடியில கறுப்பா ஒரு எடம் இருக்கு. அங்க இருக்கிற செல்லுங்க ஒரு ரசாயனத்தச் சுரக்கும். அது இருந்தாத்தான் கை, கால், மொகம் எல்லாம் நம்ம சொன்னபடி கேக்கும். இவங்களுக்கு அந்தச் செல்லுங்க செத்துக்கிட்டு வருது."

"அப்ப எம்மேல கோவம் இல்லையா?" என்றார் அப்பா.

"கோவம் இருக்கு. அது வேற," என்றாள் அம்மா. டாக்டரே சிரித்துவிட்டார்.

அப்பா சிரிக்கவில்லை. "அது எதனால சார் சாகுது?"

"அதுதான் இன்னும் யாருக்கும் தெரியல. மாத்திர தாரேன், கொஞ்சம் நல்லா நடப்பாங்க. செத்த செல்லு திரும்ப வராது."

திரும்பும் பஸ்ஸில் அம்மாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். அப்பா பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீ படிக்கிறதான தாயி, சொல்லு. பருத்திக்கு அடிக்கிற பூச்சிமருந்தால இருக்குமோ? டிரம்முல ஊத்தி அவதான கலக்குவா. மொகத்துலயெல்லாம் தெறிக்குமே."

நான் விலங்கியல் இரண்டாம் ஆண்டு. வீட்டில் நான்தான் பாதி டாக்டர். எனக்குத் தெரிந்த செல், ஒரு வட்டமும் நடுவில் ஒரு புள்ளியும். பென்சிலால் பாகம் குறித்து மார்க் வாங்கியிருக்கிறேன். அது ஏன் சாகும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. வெளியிலிருந்து விஷம் போனதா, உள்ளேயே ஊறியதா? சுரந்து சுரந்தே ஓய்ந்ததா? அந்த மருந்தை முதுகில் சுமந்து அடித்தவர் அப்பா. அவர் கல்லுமாதிரி நிற்கிறாரே, அது எப்படி?

"தெரியலப்பா," என்றேன்.

அவர் அம்மாவிடம் குனிந்தார். "என்னாலதானா?"

"ஒங்களால இல்ல," என்றாள் அம்மா, நேரே பார்த்தபடி.

உண்மையாகவே சொல்கிறாளா, அவர் மனசு நோகக்கூடாது என்று சொல்கிறாளா? அப்பா அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை. பஸ் விளாங்குடியைத் தாண்டியும் அவர் நிமிரவில்லை.