அண்ணியின் ஸ்வெட்டர்

மார்கழி விடியலில் மாட்டின் மூச்சு உள்ளங்கையில் படும்போது ஒரு சூடு இருக்கும். அடுப்பின் சூடு போன்றதல்ல அது. ஈரமும் வைக்கோல் வாசனையும் கலந்த சூடு. எங்கள் செவலைப் பசு என்னைக் கண்டதும் மூக்கை நீட்டி என் கையில் ஒருமுறை மூச்சு விடும். அதன் பிறகுதான் சாணி அள்ளவோ மடியைத் தொடவோ இடம் கொடுக்கும். பனியில் தெருவிளக்குகூட மங்கித் தெரியும் அந்த நேரத்தில், தூரத்துக் கோயிலின் ஒலிபெருக்கியும் தாம்பரத்திலிருந்து கிளம்பும் முதல் மின்சார ரயிலின் ஊளையும் கேட்க, நாங்கள் இருவர் மட்டும் விழித்திருப்போம். அந்த ஒரு மூச்சுக்காகத்தான் நான் எழுந்தேன் என்று சொன்னால் அன்றைக்கு யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. இரும்புலியூரில் ஏரிக்கரைப் பக்கம் இரண்டு கிரவுண்டு வாங்கி, ஒன்றில் வீடு கட்டி, மற்றதில் தோட்டமும் தொழுவமும் வைத்தது என் கணவரின் ஆசை. அவருக்குக் கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் விவசாயியாக இருப்பார். பசு, ஒரு ஜோடி ஆடு, சில கோழிகள், எதற்காக வாங்கினோம் என்று இருவருக்குமே தெரியாத வாத்துகள். ஆசை அவருடையது, சாணி என்னுடையது. குளிர்காலத்தில் வேலை இன்னும் கூடும். மழைச் சேறு காயாத தரையில் சாம்பல் தூவ வேண்டும், கொசுவுக்கு வேப்பிலை மூட்டம் போட வேண்டும், தவிட்டை வெந்நீரில் கரைக்க வேண்டும், ஆட்டுக்குட்டிக்குக் கோணியைப் போர்த்த வேண்டும். கோலத்தில் பூசணிப்பூ வைக்கச் சாணி கேட்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் கிண்ணத்தோடு வந்து நிற்பார்கள். இதெல்லாம் முடித்துக் குளித்து, நான் பாடம் நடத்தும் பள்ளிக்குப் பஸ் பிடிக்க வேண்டும். முதல் வருடம் முணுமுணுத்துக்கொண்டேதான் செய்தேன். பிறகு எப்போது அது எனக்கே எனக்கான நேரமாக மாறியது என்று தெரியவில்லை. எங்களுக்குக் குழந்தை இல்லை. பகலெல்லாம் பிறர் பிள்ளைகள் என்னை 'மிஸ்' என்று கூப்பிட்டார்கள். விடியலில் ஒரு ஜீவன் என் செருப்புச் சத்தத்தை வைத்தே எழுந்து நின்றது.

அப்படி இருந்தபோது ஓர் ஐப்பசி மழையில் அண்ணி வந்தார். என் கணவரின் அக்கா. பம்மலில் இருந்த அவர் கணவர் இறந்து, ஒரே மகன் பெங்களூரில் வேலைக்குப் போன பிறகு, 'கிறிஸ்துமஸ் வரைக்கும் இருக்கேன்' என்று ஒரு பையோடு வந்தவர். மகன் அழைத்துப்போவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தான். கிறிஸ்துமஸ் வந்து போனது, அண்ணி போகவில்லை.

அதற்கு முன் அவர் மாடு மேய்த்தவரும் அல்ல, கறந்தவரும் அல்ல. சும்மா இருக்கக் கூச்சப்பட்டுத்தான் தொழுவத்துக்கு வந்தார். நானேதான் காம்பைப் பிடிக்கும் விதத்தைக் காட்டினேன். இரண்டே வாரத்தில், நான் எழுந்து போவதற்குள் சாணி அள்ளித் தரை கழுவியிருந்தது. கோழிகளைத் திறந்து விட்டாகிவிட்டது. வாளியில் பால் நுரைத்துக்கொண்டிருந்தது. மெரூன் நிற ஸ்வெட்டரும் தலையில் மப்ளருமாக, ஏதோ ஒரு கீர்த்தனையை வாய்க்குள் முனகிக்கொண்டே, "நீ இன்னும் செத்த தூங்கிருக்கலாமே, நான்தான் இருக்கேன்ல" என்றார். நான் வாசலில் நின்றேன். பசு ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு அசைபோடத் தொடங்கியது.

பறிபோனது பணமோ நகையோ என்றால் ஊரைக் கூட்டலாம். சாணி அள்ளும் வேலையை ஒருத்தர் எடுத்துக்கொண்டார் என்று யாரிடம் போய் அழுவது? வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் எனக்கு அதிர்ஷ்டம் என்றார்கள். என் கணவரிடம் ஒருநாள் வாய் திறந்தேன். "வேலை கொறைஞ்சுதேன்னு சந்தோஷப்படுவியா, மூஞ்சியத் தூக்கி வெச்சிட்டு இருக்கியே" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் விடிந்தும் விடியாமலும் படுக்கையில் கிடந்து அந்த முனகலைக் கேட்கும்போது எனக்கு வயிறு எரிந்தது. செவலை என்று நான் கூப்பிட்ட மாட்டை அவர் 'பாப்பா' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். அந்தப் பெயருக்கு அது காதை விடைத்துத் திரும்புவதைப் பார்த்த அன்று, நான் காபியைக் குடிக்காமலேயே பள்ளிக்குப் போனேன்.

கோடையில் பசு கன்று ஈன்றது. முந்தின நாள் முழுக்க அதன் பக்கத்திலேயே இருந்தேன்; பரீட்சை மேற்பார்வை என்பதால் மறுநாள் லீவு கிடைக்கவில்லை. மாலையில் கேட்டைத் திறந்தபோது கன்று நான்கு காலில் நின்று தடுமாறிக்கொண்டிருந்தது. அண்ணியின் புடவையெல்லாம் ரத்தமும் ஈரமும். சிரித்துக்கொண்டே என்னைக் கட்டிப்பிடிக்க வந்தவர், என் முகத்தைப் பார்த்து, கை கழுவிவிட்டு வருவதாகச் சொல்லிப் போய்விட்டார்.

அடுத்த கார்த்திகையில், சர்ச்சில் தெரிந்தவர் மூலம் கேளம்பாக்கம் பக்கம் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் வார்டன் வேலை வந்தது அண்ணிக்கு. தம்பி வீட்டில் எத்தனை நாள் இருப்பது என்று அவரே தேடிக்கொண்டது. முறுக்கும் தட்டையும் சுட்டு டப்பாவில் அடைத்துக் கொடுத்தேன். எல்லோரும் என் அன்பைப் பார்த்தார்கள். எனக்குத்தான் தெரியும், என் கை எவ்வளவு உற்சாகமாகப் பிசைந்தது என்று.

அவர் கிளம்பிப் போன மறுநாள் விடியலில் தொழுவத்துக்குப் போனேன். கையை நீட்டினேன். பசு முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. மடியைத் தொட்டதும் வாளியை உதைத்தது. கன்று புல்லுக்குப் பழகி, உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விட்டிருந்தது. பால் இறங்கச் செய்ய வேறு வழியும் இல்லை. மூன்றாம் நாள் மடி கல்லாகக் கட்டி, தொட்டாலே துடித்தது. மருந்து கொடுத்த டாக்டர், பாலைக் கறக்காவிட்டால் மடியே வீணாகிவிடும் என்று எச்சரித்துவிட்டுப் போனார். வேறு வழியில்லாமல் ஹாஸ்டலுக்குப் போன் செய்தேன். அண்ணி பதறவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஸ்டோர் ரூம் கொடில என் பழைய ஸ்வெட்டர் தொங்கும். தோய்க்காத. அப்படியே போட்டுட்டுப் போ" என்றார்.

முழங்கையில் தையல் போட்ட ஸ்வெட்டர். தேங்காய் எண்ணெயும் தலைவலித் தைலமும் மணந்தது. இருட்டில் அதை மாட்டிக்கொண்டு, மப்ளரையும் கட்டிக்கொண்டு உள்ளே போனேன். பசு எழுந்தது. என் தோளை, கழுத்தை, முழங்கையை முகர்ந்தது. பிறகு நீளமாக மூச்சு விட்டது, என் கையில் அல்ல, அந்தக் கம்பளியில். "பாப்பா" என்றேன். என் வாயாலேயே சொன்னேன். மடி இளகி, முதல் பீச்சல் வாளியில் விழுந்தது. மாடு பிழைத்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு கறந்தேன். மார்கழி பிறந்து ஒரு வாரம் வரை தினமும் அப்படித்தான்: இன்னொருத்தியின் வாசனையை உடுத்திக்கொண்டு, என் மாட்டிடம் பால் வாங்கினேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலை முதல் பஸ்ஸில் அண்ணி வந்து இறங்கினார். வீட்டுக்குள் வரவில்லை, பையோடு நேரே தொழுவத்துக்கு வந்தார். புதுப்புடவை, ஹாஸ்டலில் கொடுத்த நீலக் கோட்டு, பினாயில் வாசனை. "பாப்பா" என்று கையை நீட்டினார். பசு முகர்ந்தது, செருமி, ஓர் அடி பின்வாங்கியது. பிறகு என் பக்கம் வந்து, மெரூன் தோளில் தாடையை வைத்துக்கொண்டது.

அண்ணியின் கை நீட்டியபடியே நின்றது. நான் ஒரு வருடமாக ஆசைப்பட்டது அந்த நிமிடம்தான். ஆனால் அவர் முகத்தில் இருந்ததைப் பார்த்தபோது, அது நான் கண்ணாடியில் பார்த்துப் பழகிய முகமாக இருந்தது.

"மறந்துடுச்சு போல" என்றார்.

"இல்ல அண்ணி. அது எங்கிட்ட வரல. உங்க ஸ்வெட்டர்கிட்ட வருது." அவிழ்த்து நீட்டினேன்.

அவர் உடனே வாங்கவில்லை. "அங்க தினமும் இந்த நேரத்துக்கு முழிப்பு வந்துடும். இப்ப நீ அதுகிட்ட போயிருப்பேன்னு நெனைப்பேன். அப்டி ஒரு எரிச்சல் வரும் உம்மேல" என்றார், பசுவைப் பார்த்துக்கொண்டே. "என் பையன் என்னை விட்டுட்டுப் போனப்பகூட யார் மேலயும் அவ்ளோ எரிச்சல் வரல."

கோட்டைக் கழற்றி ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு அவர் பசுவின் தலைமாட்டில் நின்றார். அது அவர் கழுத்தில் முகத்தைப் புதைத்தது. நான் வாளியோடு கீழே உட்கார்ந்தேன். பால் இறங்கியது. யாருக்காக இறங்கியது என்று நாங்கள் இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த இடத்தில் இப்போது நான்கு மாடிக் குடியிருப்பு. அதில் ஒரு வீடு எங்களுக்கு. செவலை வயதாகித்தான் செத்தது. அன்று நாங்கள் இருவரும் பக்கத்தில் இருந்தோம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அண்ணி எங்களோடுதான் இருக்கிறார். மார்கழியில் இருவருக்கும் இன்றும் அதே நேரத்துக்கு விழிப்பு வருகிறது. செய்ய ஒரு வேலையும் இல்லை. யார் முதலில் எழுந்து காபி போடுவது என்பதில் மட்டும் ஒரு போட்டி. அவர் முந்திக்கொண்டால் எனக்கு இப்போதும் கோபம் வரும்.

எதிர் ஃபிளாட்டில் இந்த வருடம் ஒரு சின்னக் குழந்தை வந்திருக்கிறது. காலையில் கதவு திறந்ததும் அண்ணியிடம்தான் தாவுகிறது. நான் சமையலறையில் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகவே வைக்கிறேன். அண்ணிக்கு அது கேட்கும். குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கி, என் பக்கமாகத் திருப்பி நிறுத்துகிறார். நான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்து கை நீட்டுகிறேன். அது என்னைப் பார்க்கிறது. இன்னும் முடிவு செய்யவில்லை.